வண்டியைத் தூங்கவைத்தல்

அக்டோபர் பிறந்துவிட்டால் மின்னசோட்டாக்காரர்கள் ஒரு மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஏரியில் கிடந்த படகைக் கரையேற்றி பிளாஸ்டிக் தாளில் பொட்டலம் கட்டுகிறார்கள். தோட்டத்துக் குழாய்க்குள் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து, கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் வெளியே துரத்துகிறார்கள். வரப்போவது ஐந்து மாதக் குளிர். மின்னியாபொலிஸ் பக்கம் மைனஸ் 25 டிகிரி சர்வசாதாரணமாக வந்து போகும். வடக்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2-ம் தேதி மைனஸ் 51 வரை இறங்கியது. மாநிலத்தின் ரெகார்டு அதுதான். அந்த ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள். நாம் அக்னி நட்சத்திரத்தைப் பற்றி வெளியூர்க்காரனிடம் அலட்டிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

இந்தக் குளிர்கால ஏற்பாடுகளிலேயே பெரியது மோட்டார்ஹோமை மூடி வைப்பது. 2022 அக்டோபரில் என் பெரியப்பா மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மோட்டார்ஹோம் தெரியாதவர்கள் நம் ஊர் ஆம்னி பஸ் ஒன்றை மனசில் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் நாற்பது பேரையும் சீட்டோடு இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கட்டில், சோபா, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஆயிற்று. அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் 1966-ல் வின்னபேகோ கம்பெனி இதை வரிசையாகச் செய்து தள்ள ஆரம்பித்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் பலருக்கு எந்தக் கம்பெனி மோட்டார்ஹோமும் 'வின்னபேகோ'தான், நமக்கு ஜெராக்ஸ் மாதிரி.

அண்ணனுடையது 36 அடி நீளம், 2005 மாடல், டீசல். எஞ்சின் பின்னால் இருக்கும். அதனால் இந்த ரகத்துக்கு 'டீசல் புஷர்' என்று பெயர். எடை பன்னிரண்டு டன். ரிட்டையர் ஆன வருஷம் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். அண்ணியும் அவரும் ஏழு கோடைகாலம் அதில் சுற்றியிருக்கிறார்கள். கோபி பக்கம் கிணற்று மேட்டில் டீசல் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டு வளர்ந்த பையன், எழுபத்திரண்டு வயதில் 300 குதிரைசக்தியைப் பின்னால் கட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன் போகிறான் என்றால், அதைவிட என்ன வேண்டும்?

ஆனால், அந்த வருஷம் ஜூலையில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. தெற்கு டக்கோட்டாவில் பேட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு முகாம். காலையில் கரண்ட் ஒயரைப் பிடுங்காமலே அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டார். கம்பத்திலிருந்த பிளக் பெட்டி பிய்ந்து வந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அதே வாரத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு. ஆகஸ்டில் டாக்டரிடம் போனார்கள். ஞாபகத்துக்கான சோதனைகளெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வயசுக்கு உரிய மறதியைவிடக் கொஞ்சம் அதிகம். வேகமாக முற்றலாம், இப்படியே நின்றும் போகலாம். பெரிய வண்டி மட்டும் வேண்டாம்" என்றார் அவர்.

கொரோனாவுக்குப் பிறகு மோட்டார்ஹோமுக்கு ஏகப்பட்ட கிராக்கி. விஸ்கான்சினிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 40,000 டாலர் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சியாட்டிலில் இருக்கும் பையன் தினம் ஃபோன் செய்து "வித்துடுங்கப்பா" என்றான். எனக்கும் அவன் சொல்வது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு இன்ஷூரன்சும் ஷெட் வாடகையும் எதற்கு?

இந்த நிலைமையில் வியாழக்கிழமை காலை அண்ணி ஒரு நீள நோட்டோடு வாசலுக்கு வந்து மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிக்கலாங்களா?" என்றார். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "விக்கிறதா இருந்தாலும் தண்ணியை எடுத்துத்தானே ஆகணும் தம்பி. ராத்திரி மைனஸ் அஞ்சுன்னு சொல்லியிருக்கான்" என்றார் என்னிடம்.

நோட்டு தமிழில் இருந்தது. மொத்தம் 41 அயிட்டம். ஏழு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்தது. அண்ணி வாசிப்பார், அண்ணன் செய்வார், "ஆச்சு" என்பார், அண்ணி டிக் போடுவார். இந்த வருஷம் ஒரு புது விதி சேர்ந்திருந்தது. "ஆச்சு" என்றால் மட்டும் டிக் விழாது. "கைய வெச்சுக் காட்டுங்க" என்பார் அண்ணி. அந்தக் குழாயை, அந்த வால்வை அண்ணன் தொட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் முதல் இரண்டு முறை சிரித்தார். மூன்றாவது முறை சிரிக்கவில்லை.

முதலில் தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம்போல் பெருக்கும். பிளாஸ்டிக் குழாயோ பித்தளை வால்வோ, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் உறைந்தால் பிளந்துவிடும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். ஏப்ரலில் உருகும்போதுதான் சுவருக்குள்ளிருந்து சத்தம் வரும். அதனால் டாங்கிகளைத் திறந்து வடித்து, வாட்டர் ஹீட்டரைக் காலி செய்து, அதன் பைபாஸ் வால்வைத் திருப்பி, பிறகு குழாய்களில் ரோஸ் கலர் ஆன்ட்டிஃப்ரீஸை ஏற்றுகிறார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இது ப்ரொப்பிலீன் கிளைக்கால், குடிதண்ணீர்க் குழாயில் ஓடினாலும் பாதகமில்லாதது. பம்பின் உறிஞ்சுகுழாயைக் கேனுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறக்க வேண்டும். முதலில் வெள்ளைத் தண்ணீர் வரும். அப்புறம் துப்பித் துப்பி ரோஸ் வரும். ரோஸ் வந்தால் மூடிவிடலாம். சமையலறை, வாஷ்பேசின், ஷவர், டாய்லெட். சூடு, குளிர் இரண்டு பக்கமும் தனித்தனியாக.

"வெளி ஷவர்?" என்றார் அண்ணி.

ஆற்றில் இறங்கிவிட்டு வந்தால் காலைக் கழுவ, வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும் ஷவர் அது.

"ஆச்சு."

"கைய வெச்சுக் காட்டுங்க."

அண்ணன் போய்க் கதவைத் திறந்து குழாயைத் திருகினார். வந்தது பளிங்கு மாதிரி சுத்தமான தண்ணீர்.

யாரும் பேசவில்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஷூ நனைந்தது. கொஞ்ச நேரத்தில் ரோஸ் வந்தது. மூடினார். "இப்ப ஆச்சு" என்று அண்ணி டிக் போட்டார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். அதற்கப்புறம் யாரும் கேட்காமலே அண்ணன் உள்ளே போய், ஏற்கெனவே முடித்த குழாய்களையெல்லாம் ஒருதரம் திறந்து மூடிவிட்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார், "ரோஸ்... ரோஸ்..." என்று. அண்ணி நோட்டைப் பார்த்தபடி "ம்" கொட்டினார்.

மத்தியானம் பேட்டரி. இதில் அண்ணன் வேறு மனிதர்.

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு குடும்பம். எஞ்சினைக் கிளப்ப இரண்டு, வீட்டுக்கு நான்கு. கிளப்பும் பேட்டரிக்குத் தகடுகள் மெல்லிசு, ஏராளம். சில விநாடிக்கு மூர்க்கமாகக் கரண்ட் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். வீட்டு பேட்டரிக்குத் தகடு தடிமன். இரவு முழுக்க விளக்கும் விசிறியும் ஓட நிதானமாகக் கொடுக்கும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் ஒன்றுவிட்ட தம்பி. கரண்ட் கட் காலத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கேனோடு அலைந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அண்ணனுடைய வண்டியில் இருந்தது கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் ரகம். இரண்டிரண்டாகத் தொடுத்து 12 வோல்ட். ஒவ்வொன்றும் 28 கிலோ.

"இதையெல்லாம் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சுட்டா பாதுகாப்பு இல்லையாண்ணா? மைனஸ் 30-ல ஆசிட் உறைஞ்சு போயிராதா?" என்று கேட்டேன்.

அண்ணன் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒரு செல்லுக்குள் விட்டு உறிஞ்சினார். மிதவை எழும்பி நின்றது. "பாரு, 1.265. இது முழு சார்ஜ். இந்த ஆசிட் உறையணும்னா மைனஸ் 55-க்கும் கீழ போகணும். டவர் ஊர்ல 51 அடிச்சான் பாரு, அன்னைக்குக்கூட இது உறைஞ்சிருக்காது."

"காலி பேட்டரின்னா?"

"மைனஸ் 10 பக்கத்துலயே ஐஸ்தான். பெட்டியே வெடிச்சுரும்."

காரணத்தையும் சொன்னார். பேட்டரி கரண்ட் கொடுக்கக் கொடுக்க, ஆசிட்டில் இருக்கும் சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். சார்ஜ் செய்தால் சல்பேட் திரும்ப இறங்கி வந்து ஆசிட் கெட்டியாகிறது. காலியாகவே மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்த ஒட்டல் படிகமாக இறுகி, அப்புறம் எந்த சார்ஜருக்கும் மசியாது. காஸ்டன் பிளான்டே 1859-ல் செய்த பேட்டரியிலும் இதே ரசாயனம்தான். "அதனால குளிர் பேட்டரியைக் கொல்றதில்ல தம்பி. சொல்லப்போனா குளிர்ல அது சார்ஜை நல்லாவே புடிச்சு வெச்சுக்கும். வெயில்லதான் தானாவே இறங்கும். இது முழுசா நிரம்பியிருக்கணும், யாரும் திருடக் கூடாது, அவ்வளவுதான்."

திருடர்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறார்கள். கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம், ரேடியோவின் கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் துளித்துளியாக இரவும் பகலும் உறிஞ்சும். எல்லாம் ஆஃப் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரே மாதத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். வாசற்படி அருகே பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினாலும் சில ஒயர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆகவே ஒரே வழி, ஷெட்டில் நிறுத்தியதும் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவது. அண்ணன் வாடகைக்குப் பிடித்திருந்த ஷெட்டில் சார்ஜர் மாட்டப் பிளக் பாயின்ட்டும் கிடையாது.

இப்போது லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் அதிகம். அதற்கு சாஸ்திரமே வேறு. பாதி சார்ஜில் தூங்கவைக்க வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி வீணாகும். அண்ணனுக்கு அதில் சுவாரஸ்யமில்லை. "தண்ணி ஊத்த வேண்டாத பேட்டரி என்ன பேட்டரி?" என்றார்.

முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சோடா உப்புத் தண்ணீர் விட்டு பழைய டூத்பிரஷால் தேய்த்தார். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினார். வெள்ளி காலையில்தான் டிஸ்டில்ட் வாட்டர். முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியுமாம். 24 செல். ஒன்றைக்கூட விடவில்லை, நோட்டைக்கூடக் கேட்கவில்லை. முந்தின நாள் ஷவரை மறந்தவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அண்ணி என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவருக்கு இது தெரிந்த கணக்கு.

வெள்ளி பகலில் வண்டியை நாற்பது மைல் தள்ளி ஒரு விவசாயியின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கோடையில் டிராக்டர் நிற்கும் தகரக் கொட்டகை, குளிர்காலத்தில் இப்படி வாடகைக்கு. யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தயக்கம். பையன் யாரையாவது ஏற்பாடு செய்திருப்பான் என்று நினைத்தேன்.

அண்ணி நோட்டை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டார். படியேறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். வயது அறுபத்தேழு. உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூடுதல்.

"அண்ணி!"

"ஏறுங்க தம்பி. பின்னாடி உக்காந்து பெல்ட்டைப் போடுங்க."

செப்டம்பர் மாதம் முழுக்க, வார நாட்களில் காலியாகக் கிடக்கும் ஒரு சர்ச் பார்க்கிங்கில் அண்ணி பழகியிருக்கிறார். வாத்தியார், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணி. மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பையனுக்குச் சொல்லவில்லை. மின்னசோட்டாவில் சொந்த உபயோகத்துக்கான மோட்டார்ஹோமைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு டன்! வயிற்றைக் கலக்கியது.

அண்ணன் பக்கத்து சீட்டில். இந்த வண்டிகளில் டிரைவர் உட்காருவது முன்சக்கரத்துக்கும் முன்னால். திருப்பத்தைத் தாண்டியே விட்டோம் என்று தோன்றிய பிறகுதான் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். ஒடித்தால் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும். அண்ணன் "இன்னும்... இன்னும்... இப்போ" என்றார். அண்ணி ஒடித்தார். வழியெல்லாம் இதுதான் பேச்சு.

வழியில் டீசல் போட்டோம், கழுத்துவரை. டாங்கியில் காலி இடம் இருந்தால் அங்கிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஒருவகைக் கிருமி வளர்ந்து, கறுப்புப் பாசியாக ஃபில்டரை அடைக்கும். இன்னொன்று, டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிரில் அது திரண்டு எண்ணெய் கூழாகிவிடும். மின்னசோட்டாவில் கோடை மாதங்களில் டீசலோடு 20 சதவீதம்வரை சோயா மாதிரித் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலப்பது சட்டம். அக்டோபரிலிருந்து அதை 5 சதவீதமாகக் குறைத்துவிடுகிறார்கள். பயோடீசல் இன்னும் சீக்கிரம் கூழாகும் என்பதால். அதனால் குளிர்கால டீசல் வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும், மருந்தும் கலக்க வேண்டும், கலந்த பிறகு கொஞ்சதூரம் ஓட்டி அதை எஞ்சின்வரை கொண்டுபோக வேண்டும். நாற்பது மைல் அதற்குத்தான் உதவியது. வண்டியிலிருக்கும் ஜெனரேட்டரும் இதே டாங்கியில்தான் குடிக்கிறது, ஆனால் அதன் குழாய் கால் டாங்கி உயரத்தோடு நின்றுவிடுகிறது. விடிய விடிய ஏ.சி. போட்டுத் தூங்கினாலும் காலையில் பங்க் வரை போக டீசல் மிச்சமிருக்கும். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

ஷெட்டுக்குள் ரிவர்ஸில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் வேறு ஒருவரின் படகு, மறுபக்கம் இரும்புத் தூண். இரண்டுக்கும் நடுவே, என் கண்ணளவில், ஆளுக்கு ஒரு முழம். அண்ணன் இறங்கிப் பின்னால் போய், அண்ணியின் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்டினார். விவசாயி டீக்கப்பைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு தடவை முன்னால் வந்து திருத்தி, மூன்றாவதில் உள்ளே போயிற்று. ஏர் பிரேக் 'புஸ்' என்று மூச்சுவிட்டது.

மிச்ச அயிட்டங்கள் மளமளவென்று முடிந்தன. ஃப்ரிட்ஜ் கதவுக்கு நடுவில் துண்டு. டயர்களுக்கு அடியில் பலகை. எலி நுழையும் பொந்துகளில் ஸ்டீல் வூல். எலிக்கு ஒயரின் மேல்தோல் கருவாடு மாதிரி. விவசாயி, "பேட்டரியைக் கழற்றினால் கான்கிரீட் தரையில் மட்டும் வைக்காதே, சார்ஜ் இறங்கிவிடும்" என்றார். அண்ணன், "அது அந்தக் காலத்து மரப்பெட்டி பேட்டரிக்கு. இப்ப பிளாஸ்டிக்" என்றார். விவசாயி நம்பவில்லை. மாதம் ஒருதரம் வந்து அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டிவைக்கட்டுமா என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றார் அண்ணன். நின்ற இடத்தில் அரை மணியில் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது, உள்ளே ஈரம்தான் சேரும். தூங்கினால் ஒரே தூக்கம்.

கடைசி அயிட்டம், நம்பர் 41. அண்ணன் ஸ்பானரை எடுத்தார். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனையில் துணி சுற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஓரமாக வளைத்துக் கட்டினார். அண்ணி கேட்பதற்கு முன்பே கையை வைத்துக் காட்டினார்.

திரும்பும்போது விவசாயியின் மகன் காரில் கொண்டுவந்து விட்டான். வழியில் அண்ணி விஸ்கான்சின்காரருக்கு ஃபோன் போட்டு, விற்பதாக இல்லை என்று சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பையனுக்கு ராத்திரிதான் செய்தி போயிற்று. அந்த உரையாடல் நடந்தபோது நானும் அண்ணனும் மொட்டைமாடி இல்லாத அந்த வீட்டில் வேறு வழியில்லாமல் கராஜில் போய் நின்றுகொண்டோம்.

அந்தக் குளிர்காலத்தில் மின்னியாபொலிஸில் 90 அங்குலம் பனி கொட்டியது. ஏப்ரல் கடைசியில் அண்ணி ஃபோன் செய்தார்.

"ஷெட்டுக்குப் போயிட்டு வந்தோம் தம்பி. வோல்ட் மீட்டர் வெச்சுப் பாத்தாரு, 12.5 காட்டுது. அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள எலிக்கூடு, நாலு குஞ்சோட. ஸ்டீல் வூல் வெச்சும் எப்படிப் போச்சுன்னே தெரியல."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"நல்ல நாளும் இருக்கு, மத்த நாளும் இருக்கு. நேத்து எனக்குக் காபி ரெண்டுதரம் போட்டுக் குடுத்தாரு. ரெண்டையும் குடிச்சேன்." சற்று நிறுத்தி, "எலிக்கூட்டுக்குன்னு நோட்டுல 42 சேத்திருக்கேன். ஜூன்ல சுப்பீரியர் ஏரியைச் சுத்தலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்க. ஷெட்டுலருந்து வெளிய எடுக்கறதுக்கு நேரா முன்னாடி ஓட்டினாப் போதும், அது சுலபம்" என்றார்.